மாவக்காவின் காலி நாட்கள்

முழங்கைவரை மாவு அப்பிக்கொண்டு, அரத்தைக் கையில் பிடித்து நிற்கிறவளைப் பார்த்து, "இன்னைக்கு உங்களுக்கு வேலை ஒண்ணும் இல்ல போலிருக்கே" என்று ஒருவர் சொன்னால் வயிறு எரியுமா எரியாதா? மாவக்காவிடம் அதைத்தான் சொன்னார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் திரையைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னார்கள்.

மாவக்கா என்று அவளைப் பெற்றவர்கள் யாரும் பேர் வைக்கவில்லை. செயற்கைக்கால் செய்கிற பட்டறையில் அவளுக்கு மாவோடு வேலை. எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறார்களே, அதே வெள்ளை மாவு. கால் இழந்தவர் வந்து உட்கார்ந்தால், மிச்சமிருக்கிற காலின்மேல் நனைத்த மாவுத்துணியைச் சுற்றி அச்சு எடுப்பாள். அந்த அச்சுக்குள் மாவைக் கரைத்து ஊற்றினால், அந்த மனிதரின் கால் அப்படியே வெள்ளைக் கட்டியாக வெளியே வரும். எலும்பு முட்டுகிற இடத்தில் கொஞ்சம் பூசிக் கூட்டுவாள், சதை தாங்குகிற இடத்தில் கொஞ்சம் செதுக்கிக் குறைப்பாள். அது காய்ந்த பிறகு சூடான பிளாஸ்டிக்கை அதன்மேல் இழுத்து மூடினால், கால் போய் உட்காருகிற கிண்ணம் கிடைக்கும். குழாய், பாதம், வார் எல்லாம் அதற்கப்புறம்தான். கிண்ணம் சரியில்லை என்றால் மற்ற எதுவும் சரியில்லை.

இந்த வேலைக்கென்று படித்து, இந்த ஒரே பட்டறையில் தலை நரைத்தவள் அவள். பொறுமைசாலி என்று யாரும் தவறிக்கூடச் சொல்லமாட்டார்கள். பேருந்தில் மீதிச் சில்லறை தராத நடத்துனரிலிருந்து, ஊசியை வலிக்க வலிக்கப் போட்ட நர்ஸ்வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் குறைவு. "எங்க அக்கா பொறந்தப்பவே அழல, புகார்தான் சொல்லுச்சு" என்று அவள் தங்கை சொல்வாள். ஆனால் மாவிடம் மட்டும் அவள் கோபம் செல்லாது. மாவு காய்கிற நேரத்துக்குத்தான் காயும். ஈரம் இருக்கிற அச்சின்மேல் சூடான பிளாஸ்டிக்கை இழுத்தால் ஆவி கிளம்பி உள்ளே குமிழ் விடும். அந்தக் குமிழ் மாட்டிக்கொண்டு நடக்கிறவரின் தோலைப் புண்ணாக்கிவிடும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும் என்று மனிதர்கள் யார் சொல்லியும் அவள் கேட்டதில்லை, மாவு சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

பட்டறையில் முன்பு சுவரில் ஒரு பலகை இருந்தது. எந்தக் கால் என்றைக்குப் போகவேண்டும் என்பது ஒரு பக்கம், இன்றைக்கு அது யார் கையில் இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். பலகையும் அப்படி ஒன்றும் பெரிய பொக்கிஷம் இல்லை. பாதி நேரம் யாராவது தோளால் உரசி எழுத்தை அழித்துவிடுவார்கள், அப்புறம் ஒரு மணிநேரம் சண்டை நடக்கும். அதனால் புது மேலாளர் வந்து பலகையைக் கழற்றி, எல்லா வேலையையும் கம்ப்யூட்டரில் போடலாம் என்றபோது முதலில் கைதட்டியவள் மாவக்காதான்.

மேலாளர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தமாட்டார். எல்லாரையும் மேடம், சார் என்றுதான் கூப்பிடுவார். எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் "சின்ன விஷயம்தான், பாத்துக்கலாம்" என்பார். அப்புறம் பார்க்கமாட்டார்.

அவர் வாங்கிவந்த மென்பொருளில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு பக்கம். நோயாளி பெயர், அளவு, எந்த வகைப் பாதம், யார் செய்கிறார்கள், அப்புறம் தேதி. தேதிக்கு ஒரே ஒரு கட்டம். "கால் என்னைக்குப் போகணுமோ அந்தத் தேதியைப் போடுங்க. அவ்வளவுதான், ரொம்ப சுலபம்" என்றார். போட்டார்கள். வெள்ளிக்கிழமை போகவேண்டிய காலுக்கு வெள்ளிக்கிழமை என்று போட்டார்கள். திரையில் வெள்ளிக்கிழமைக் கட்டம் பச்சையானது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

கால் என்ன வெள்ளிக்கிழமை காலையில் மரத்தில் காய்த்துத் தொங்குமா? திங்களன்று அச்சு எடுத்து, செவ்வாயன்று செதுக்கி, புதன் முழுக்கக் காயவைத்து, வியாழனன்று பிளாஸ்டிக் இழுத்தால்தான் வெள்ளிக்கிழமைக்குக் கால். அந்த நாலு நாள் உழைப்புக்குத் திரையில் இடமே இல்லை. செய்து முடிக்கிற நாள் மட்டும்தான் வேலை, செய்கிற நாளெல்லாம் விடுமுறை என்று அந்தத் திரை நினைத்துக்கொண்டது. திரை நினைத்ததை மேலாளரும் நினைத்தார்.

"மேடம், செவ்வாயும் புதனும் உங்களுக்குக் காலியாத்தானே இருக்கு. வரவேற்புல ஆள் இல்ல. கொஞ்சம் உக்காருங்களேன்."

"சார், அச்சு பாதியில நிக்குது."

"எந்த அச்சு? இங்க ஒண்ணும் காட்டலையே."

"திரையில காட்டாது சார். பட்டறைக்கு வந்து பாருங்க."

"வர்றேன். இப்போதைக்கு ஒரு மணிநேரம் உக்காருங்க. சின்ன விஷயம்தான்."

ஒரு மணிநேரம் மூன்று மணிநேரம் ஆகும். வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, மாவு காய்ந்து விறைத்த விரல்களால் தொலைபேசியை எடுத்து, "டாக்டர் சாயங்காலம்தான் வருவாரு" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். திரும்பி வந்தால் கரைத்துவைத்த மாவு பாத்திரத்திலேயே கல்லாகியிருக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் எல்லாக் கால்களும் ஒன்றாக வந்து நிற்கும். சில கால்கள் அன்றைக்கு முடியாது. முடியாததெல்லாம் திரையில் சிவப்பாகும். சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் யார் பேர்? மாவக்கா பேர்.

வாரும் கொக்கியும் தைக்கிற வார்க்காரர் அடுத்த மேசையில் உட்கார்ந்திருப்பவர். அவளைவிட வயதில் சின்னவர், பயந்த சுபாவம். "விடுக்கா, எல்லாருக்கும்தான் இப்படி" என்பார். எல்லாருக்கும் இப்படி இல்லை. வார் தைக்க ஒரு நாள் போதும், அவருடைய திரையில் பொய் குறைவு. நாள்கணக்கில் இழுக்கிற வேலை அவளுடையதுதான். யார் வேலைக்கு நேரம் அதிகம் பிடிக்கிறதோ அவள்தான் சோம்பேறி என்று காட்டுகிற கருவியைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள்.

இது வெறும் மானப் பிரச்சினையாக இருந்திருந்தால் அவள் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பாள். ஒருநாள் மேலாளர் எல்லாரையும் கூட்டி, பட்டறையை நடத்துகிற குழு செலவைக் குறைக்கச் சொல்கிறது என்றார். மாத முடிவில் திரையைப் பார்ப்பார்கள். யாருக்குக் காலி நாள் அதிகமோ அவர்களை அரைநாள் வேலைக்கு மாற்றுவார்கள். சொல்லிவிட்டு, "யாரும் பயப்பட வேண்டாம், நியாயமா நடக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார். அரைநாள் என்றால் அரைச் சம்பளம். அவள் வீட்டில் அவள் சம்பளம்தான் மாதாமாதம் நிச்சயமாக வருகிற சம்பளம்.

அன்று வீட்டில் அவள் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் ஜன்னலை மூடிக்கொண்டார். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் சோபா. அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"மேலாளர்கிட்ட எடுத்துச் சொல்லேன்."

"சொல்லாமலா இருப்பேன்? மதியச் சாப்பாடு ஒரு மணிக்குன்னா அடுப்பை ஒரு மணிக்கா சார் பத்தவைப்பாங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. நல்லா சொன்னீங்க மேடம்னாரு. அதோட சரி."

கூடவே இருக்கிற நாத்தனார் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் கணினி முன்னால் நாள் முழுக்க உட்காருகிறவள். திரைகளை ஏமாற்றுவதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. கைகழுவிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, அந்தக் கட்டத்துல கால் போற தேதியத்தான் போடணும்னு யாரு பாக்குறா? நீங்க வேலை செய்யிற தேதியப் போடுங்க. செதுக்குறப்போ அந்த நாளைப் போடுங்க. அடுத்த நாள் மாத்திக்குங்க. தினம் பச்சையாயிடும்."

"அது பொய் இல்லையாடி?"

"இப்போ இருக்கிறது மட்டும் என்ன நெசமா?"

மாவக்கா மறுநாளே ஆரம்பித்தாள். செவ்வாயன்று செதுக்கினால் அந்தக் காலின் தேதியைச் செவ்வாய் என்று போட்டாள். புதனன்று காயவைத்தால் புதனுக்கு நகர்த்தினாள். நோயாளியிடம் சொன்ன வெள்ளிக்கிழமையைத் தன் மனதில் மட்டும் வைத்துக்கொண்டாள். அவளுடைய வாரம் பசும்புல்லாகத் தழைத்தது. மேலாளர் இரண்டாம் வாரமே அவள் மேசைக்கு வந்து, "இப்போ நல்லா முன்னேற்றம் தெரியுது மேடம்" என்றார். அவள் முன்பு செய்ததையேதான் இப்போதும் செய்துகொண்டிருந்தாள். பாராட்டைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, அரத்தை எறியலாம் என்றுதான் வந்தது. ஆனாலும் வரவேற்பு மேசைக்குக் கூப்பிடுவது நின்றது. அதுவரைக்கும் லாபம்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்பது அவளுக்கு ஒரு புதன்கிழமை தெரிந்தது.

பெட்ரோல் பங்க்கில் வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுகிற ஒருவர் அவளிடம் அச்சு கொடுத்திருந்தார். வலதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவருக்குச் சொன்னது வெள்ளிக்கிழமை. புதன் காலையில் அவரும் அவர் மனைவியும் பட்டறை வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். இறங்கினார்கள் என்பது தப்பு. அவர் மனைவியின் தோளையும் ஆட்டோக்காரர் தோளையும் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்து வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். மனைவி கையில் ஒரு பை. அதில் இரண்டு காலுக்கும் சேர்த்துப் புதுச் செருப்பு.

"என்ன இன்னைக்கு வந்துட்டீங்க?" என்றாள் மாவக்கா. "வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னேன்."

"காலையில மெசேஜ் வந்துச்சும்மா. உங்கள் கால் தயார், வந்து பெற்றுக்கொள்ளவும்னு." அவர் போனைக் காட்டினார். அப்படித்தான் இருந்தது.

"நாற்காலி எங்க? சக்கர நாற்காலில வருவீங்களே."

அவருடைய மனைவி பதில் சொன்னாள். "அது வாடகை நாற்காலிங்க. வர்ற வழியிலேயே திருப்பிக் குடுத்துட்டோம். இனிமே எதுக்குன்னு."

மாவக்காவின் மேசையில் இடுக்கியில் மாட்டி அவருடைய கால் நின்றுகொண்டிருந்தது. வெறும் வெள்ளை மாவுக் கட்டி. இன்னும் ஈரம் போகவில்லை. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுதானா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் நேராக மேலாளர் அறைக்குப் போனாள். அவரைக் கேட்காமல் அவருடைய சக்கரம் வைத்த நாற்காலியை உருட்டிக்கொண்டுவந்து பங்க்காரரை அதில் உட்காரவைத்தாள். பின்னாலேயே மேலாளரும் வந்தார். விஷயம் அங்கே, எல்லார் முன்னாலும்தான் வெளியே வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் ஒரு புது வசதியை மேலாளர் திறந்துவிட்டிருக்கிறார். தேதிக் கட்டத்தில் இருக்கிற நாள் காலையில் நோயாளிக்குத் தானாகவே செய்தி போகும். ஆட்களுக்கு வேலை மிச்சம். அதை ஆட்களிடம் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"இவருக்கு இன்னைக்குத் தேதியை யார் போட்டது?" என்று கேட்டார்.

வார்க்காரர் ஊசியில் நூல் கோர்ப்பதில் மும்முரமானார். சிஸ்டம் கோளாறு என்று அவள் சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள். ஆனால் புதுச் செருப்போடு அந்த அம்மா எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் போட்டேன். இன்னைக்கு நான் காயவைக்கிற நாள். வேலை நடக்குற நாளைப் போட ஒரு இடம் இல்ல, அதனால இங்க போட்டேன். ஒரு மாசமா அப்படித்தான் போடுறேன். போடலேன்னா நான் காலியா உக்காந்திருக்கேன்னு சொல்றீங்க. வேலை செய்யிற நாள் வேற சார், முடிச்சுக் குடுக்குற நாள் வேற. ரெண்டையும் ஒரே கட்டத்துல திணிச்சா ஏதாவது ஒண்ணு பொய்யாத்தான் இருக்கும். இதை எத்தனை தடவை உங்ககிட்ட சொன்னேன்?"

மேலாளர் மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். குறை அவர்களுடையது என்று எல்லாரும் கேட்கட்டும் என்று நினைத்திருப்பார். மறுமுனையில் ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"வேலை செய்யிற நாளுக்கும் கெடு தேதிக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கே சார். எல்லாருக்குமே இருக்கு. உங்க பட்டறையில முதல் கட்டத்தை மறைச்சு வெச்சிருக்காங்க. ஆரம்பத்துல அமைக்கும்போது கேட்டிருப்போம், வேண்டாம்னு குடுத்திருக்கீங்க. இப்பவே திறந்துவிடட்டுமா?"

மேலாளர் போனை வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "ரெண்டு தேதி இருந்தா நீங்க எல்லாம் குழம்பிடுவீங்களோன்னு நினைச்சேன்."

இரண்டு மாதமாக அவளைக் குழப்பிக் கொன்றது ஒரு தேதிதான். அந்தக் கட்டம் முதல்நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. வரவேற்பு மேசையில் அவள் வீணாக உட்கார்ந்த பொழுது, கல்லாய்ப் போன மாவு, சிவப்பு எழுத்தில் அவள் பேர், இந்த மனிதர் திருப்பிக் கொடுத்த நாற்காலி, எல்லாம் ஒரு ஆள் ஒரு நாள் 'வேண்டாம்' என்று ஒரு தட்டுத் தட்டியதால் வந்தது. அவளுக்கு வாயில் வந்ததையெல்லாம் அவள் சொல்லவில்லை. நோயாளி இருந்தார்.

பங்க்காரருக்குப் பட்டறையின் பழைய சக்கர நாற்காலி ஒன்றை வார்க்காரர் கொக்கி மாற்றிச் சரிசெய்து கொடுத்தார். மற்ற வேலையெல்லாம் தள்ளிவைத்து மாவக்கா அவர் காலை முடித்தாள். வெள்ளிக்கிழமை அவர் நடைபழகுகிற கம்பிகளைப் பிடித்து நாலு எட்டு வைத்தார். அப்புறம் கம்பியை விட்டார். மனைவி பையிலிருந்து செருப்பை எடுத்து இரண்டு பாதத்துக்கும் தானே மாட்டிவிட்டாள். அவர் கீழே குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மாவக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைக்கப்போய்க் கன்னமெல்லாம் மாவானது.

அடுத்த வாரம் இரண்டு கட்டமும் திறந்தன. செய்கிற நாள் ஒரு நிறம், கெடு ஒரு நிறம். அவளுடைய திங்களும் செவ்வாயும் புதனும் வியாழனும் நிறைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. ஒரு ஆள் வேலை இல்லை அது, ஒன்றரை ஆள் வேலை. யார் பார்த்தாலும் தெரியும். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

குழு கூடியது. முடிவைச் சொல்ல மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மேடம், அடுத்த வாரத்துலேர்ந்து உங்களுக்கு அரைநாள்னு முடிவு பண்ணியிருக்காங்க."

அவள் சரியாகக் காதில் வாங்கவில்லையோ என்று நினைத்தாள். "திரையை அவங்க பாக்கலையா?"

"போன ரெண்டு மாசத்தோடதைப் பாத்தாங்க. முதல் மாசம் நிறைய காலியா இருக்கு. ரெண்டாவது மாசம் பச்சையா இருந்துச்சு. ஆனா அதெல்லாம் சரியான தேதி இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதனால அதைக் கணக்குல எடுத்துக்க முடியலை."

"அந்தக் காலி ஏன் வந்ததுன்னு நீங்க அவங்ககிட்ட சொன்னீங்களா சார்? கட்டத்தை யார் மறைச்சு வெச்சாங்கன்னு?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "அந்த விவரத்துக்கெல்லாம் போகலை மேடம். சின்ன விஷயம்தானேன்னு..."

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவள் அவள். உண்மையையும் சொன்னவள் அவள். இரண்டுக்கும் சேர்த்து அவள் தலையில் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தவருக்கு முழுநாளும் அப்படியே இருந்தது. அவள் எழுந்து போய் இடுக்கியிலிருந்த அச்சைச் செதுக்க ஆரம்பித்தாள். வீட்டில் செய்தியைச் சொன்னபோது அவள் சத்தம்கூடப் போடவில்லை. நாத்தனார்தான் பயந்துபோய், "அண்ணி, ஏதாவது திட்டுங்களேன்" என்றாள்.

அரைநாள் தொடங்கிய திங்களன்று மதியம் மாவக்கா கைகளை முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். துணியில் துடைத்துக்கொண்டு பையை எடுக்கிறபோது மேலாளர் வேகமாக வந்தார்.

"மேடம், அந்தச் சமையல்காரம்மா கால். வெள்ளிக்கிழமை கெடு. இன்னும் அச்சே ஊத்தலையே?"

"வாங்க சார், காட்டுறேன்." அவரைத் திரைக்குக் கூட்டிப்போனாள். "இது கெடு. வெள்ளிக்கிழமை. இது நான் செய்யிற நாள். காலையில மட்டும். முன்னாடி இருக்குற கால்கள் முடிஞ்சு இதுக்கு நாள் வர்றது அடுத்த வாரம். இப்போ எல்லாம் சரியாக் காட்டுது பாருங்க."

"நீங்க சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் இருந்தீங்கன்னா..."

"சாயங்காலம் எனக்கு வேலை இல்லைன்னு நீங்கதானே சார் முடிவு பண்ணீங்க."

"அப்போ அவங்களுக்கு என்ன சொல்றது?"

"கெடுவை மாத்திட்டு, போன் பண்ணிச் சொல்லிடுங்க. மெசேஜ் வேண்டாம். பாவம், அவங்க ஏதாவது ஏற்பாடு பண்ணி வெச்சிருப்பாங்க. பேசிச் சொல்லுங்க."

அவள் நகரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. திரையில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். குரலைச் சரிசெய்துகொண்டு, மிகவும் மரியாதையாக, கால் ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று சொன்னார். அந்த அம்மா ஏதோ கேட்டாள். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு மாவக்காவைப் பார்த்தார்.

"ஏன்னு கேக்குறாங்க."

"சொல்லுங்க சார்" என்றாள் மாவக்கா.